நரம்பு முடிச்சுக்கு எந்தச் சிகிச்சை? லேசர், ரேடியோ அலை, பசை, நுரை ஊசி: ஓர் ஒப்பீடு

நரம்பு முடிச்சு என்று நாம் சொல்வது உண்மையில் நரம்பு அல்ல, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை (வெயின்) காலில் புடைத்து நெளிவது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்தக் கால் சிரை நோய்க்கு இன்று கிடைக்கும் சிகிச்சைகளின் பட்டியலைக் கேட்டாலே தலை சுற்றும். லேசர், ரேடியோ அலை, பசை, நுரை ஊசி, சுழலும் கம்பி, பழைய முறையில் உருவி எடுப்பது என்று நீளும். "சித்திக்குப் பசை வைத்தார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார், எனக்கும் அதுவே போதும்" என்று முடிவு செய்துகொண்டுதான் பலர் மருத்துவரைப் பார்க்கவே போகிறார்கள். சித்தியின் காலில் பழுதான சிரை வேறு, உங்கள் காலில் பழுதானது வேறாக இருக்கலாம். எந்தச் சிரை, எங்கிருந்து எதுவரை, எவ்வளவு ஆழத்தில் என்பது தெரிந்த பிறகுதான் எந்தக் கருவி என்ற பேச்சுக்கே இடம். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், முடிச்சும் திரும்ப வரும்.

ரத்தம் காலிலிருந்து இதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்ப இறங்காமல் தடுக்கின்றன. தோலுக்கடியில் ஓடும் இரண்டு தண்டுச் சிரைகள் இங்கே முக்கியம். பெரிய சஃபீனஸ் சிரை உள்கணுக்காலில் தொடங்கி, தொடையின் உட்புறமாக ஏறி, கவட்டில் ஆழ்சிரையோடு (தசைகளுக்கு நடுவே ஓடும் பெரிய சிரை) சேர்கிறது. சிறிய சஃபீனஸ் சிரை கெண்டைக்காலின் பின்புறமாக ஏறி, பெரும்பாலும் முழங்காலுக்குப் பின்னே ஆழ்சிரையில் இணைகிறது. இவற்றின் வால்வுகள் கெட்டுப்போனால், நிற்கும்போது ரத்தம் இறங்கித் தேங்கும். வெளியே நெளிந்து புடைத்துத் தெரிபவை அநேகமாகக் கிளைகள்தான். கோளாறு மேலே, கண்ணுக்குத் தெரியாத தண்டில் இருக்கும். கிளைக்கு மட்டும் ஊசி போட்டு மறைப்பது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைக்கிற வேலை.

வாழையிலை உணவகச் சமையற்காரர், பாதுகாவலர், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட் நிற்பவர் என்று நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இது அதிகம் தொல்லை தரும். குடும்பத்தில் இருந்தால், பல பிரசவம் கண்டிருந்தால், உடல் எடை கூடினால் வாய்ப்பும் கூடும்.

எல்லோருக்கும் சிகிச்சை வேண்டுமா?

மருத்துவர்கள் நோயின் கட்டத்தை சி0 முதல் சி6 வரை குறிப்பார்கள். சி1 என்றால் மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள். சி2 புடைத்த முடிச்சு, சி3 வீக்கம். சி4-இல் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, இறுகிப்போகும். சி5 ஆறிய புண், சி6 ஆறாத புண். இங்கே சொல்லும் சிகிச்சைகள் பெரும்பாலும் செய்வது பழுதான தண்டை மூடுவதுதான். சி1-ஐ மட்டும் வைத்து அதை மூடுவதற்கு நியாயம் இல்லை. சி2-இல் வலி, கனம், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு இருந்தால் பேசலாம். சி4-க்கு மேல் போனவர்கள் தள்ளிப்போடவே கூடாது.

சி3-தான் ஏமாற்றும் கட்டம். கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் காரணமாகலாம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மாத்திரையே இரண்டு கணுக்காலையும் வீங்க வைக்கும். மாத்திரையை மாற்றினால் வடியக்கூடிய வீக்கத்துக்குச் சிரையை மூடிப் பயனில்லை. தொடைக்குப் பின்னால் சுரீரென இறங்கும் வலி முதுகுத் தண்டிலிருந்து வருவது. படி இறங்கும்போது மட்டும் வலித்தால் முழங்கால் மூட்டைப் பாருங்கள். சிரை வலி வேறு மாதிரி இருக்கும்: காலையில் இருக்காது, நிற்க நிற்க ஏறும், காலைத் தூக்கி வைத்தால் தணியும்.

அழுத்தக் காலுறை ஒரு தேர்வா? அறிகுறியைக் குறைக்கும், வால்வைச் சரிசெய்யாது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்டது வெப்ப முறையை (லேசர், ரேடியோ அலை) முதலிலும், அது பொருந்தாவிட்டால் நுரை ஊசியையும், அதுவும் ஆகாவிட்டால் அறுவையையும் வைக்கிறது. சிகிச்சை எதுவும் பொருந்தாதவர்களுக்குத்தான் காலுறை மட்டும். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் இரண்டாம் அழுத்த வகுப்பைச் சேர்ந்த (நடுத்தர இறுக்கமுள்ள) காலுறையை நாள் முழுக்கப் போட்டிருப்பது சுலபமல்ல. வாங்கிவிட்டு அலமாரியில் வைத்திருப்பவர்களே அதிகம். போடுவதானால் காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் போட வேண்டும். கால் வீங்கிய பிறகு போட்டால் பாதிப் பயன்தான்.

நீரிழிவு உள்ளவர்கள் காலுறையைத் தாமாகக் கடையில் வாங்கிப் போடக்கூடாது. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி ஏற்கெனவே அடைபட்டிருந்தால் இறுக்கமான காலுறை தோலையே அழுகவைத்துவிடும். முதலில் கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். நீண்டகால நீரிழிவில் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி அந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்க்கக் கேளுங்கள்.

ஸ்கேன் தாளில் என்ன இருக்க வேண்டும்

சிரையையும் அதில் ரத்தம் ஓடும் திசையையும் காட்டும் டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் இல்லாமல் சிகிச்சை முடிவு செய்யும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். வால்வுக் கசிவைப் பார்க்க உங்களை நிற்க வைத்து, எடையை மறு காலில் போடச் சொல்லி, கெண்டைக்காலைப் பிழிந்து விட்டுப் பார்க்க வேண்டும். விட்டதும் ரத்தம் 0.5 விநாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால் தோலடிச் சிரையில் கசிவு. தொடையின் ஆழ்சிரைக்கு அந்த எல்லை 1 விநாடி. படுக்க வைத்து மட்டும் எடுத்த ஸ்கேனில் ஆழ்சிரை அடைப்பு தெரியும், கசிவின் உண்மை அளவு தெரியாது.

அறிக்கையில் கவனிக்க வேண்டியவை இவை. கசிவு கவட்டிலிருந்தே தொடங்குகிறதா, தொடை நடுவிலிருந்தா, எதுவரை இறங்குகிறது. தண்டின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், எந்த இடத்தில் அளந்தது. தோலிலிருந்து எவ்வளவு ஆழம். தண்டு நேராக ஓடுகிறதா, வளைந்து நெளிகிறதா. சிறிய சஃபீனஸ் சிரை நன்றாக இருக்கிறதா. ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றனவா. புண் இருந்தால் அதற்கடியில் துளைச்சிரை (தோலடிச் சிரையை ஆழ்சிரையோடு இணைப்பது) விரிந்திருக்கிறதா. "வெரிகோஸ் வெயின் உள்ளது" என்று ஒற்றை வரியோடு முடியும் அறிக்கையை வைத்து எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆழ்சிரை பழைய ரத்தக் கட்டியால் அடைபட்டிருந்தால் கதையே வேறு. தோலடிச் சிரைகள் மாற்று வழியாக ரத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கலாம், அவற்றை மூடினால் கால் இன்னும் வீங்கும். ஒரு கால் மட்டும், அதுவும் இடது கால், தொடைவரை வீங்கியிருந்தால் இடுப்புக்குள் இருக்கும் சிரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கசிவே இல்லாத நல்ல தண்டை யாரும் மூடக்கூடாது. பிற்காலத்தில் இதய பைபாஸுக்கு எடுப்பது இதே பெரிய சஃபீனஸ் சிரையைத்தான். மாரடைப்பும் நீரிழிவும் குடும்பத்தில் ஓடுபவர்கள் இதை வாய் திறந்து கேட்க வேண்டும். வீங்கி நெளிந்த சிரை பைபாஸுக்கு உதவாது என்பதால் அதை மூடுவதில் இழப்பு பெரிதல்ல.

வெப்பத்தால் மூடுவது: ரேடியோ அலையும் லேசரும்

இரண்டின் அடிப்படையும் ஒன்றே. முழங்காலை ஒட்டி ஊசித் துளை போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியைக் கவட்டுச் சந்திப்புக்கு 2 சென்டிமீட்டர் கீழே நிறுத்துவார்கள். பிறகு உள்ளிருந்து சுட்டுக்கொண்டே பின்னோக்கி இழுப்பார்கள். சுவர் சுருங்கி, மாதக்கணக்கில் வடுவாகி மறையும். ரத்தம் நல்ல ஆழ்சிரை வழியே போகும்.

சுடுவதற்கு முன் வருவதுதான் நோயாளி நினைவில் வைத்திருக்கும் கட்டம். நீர்த்த மரப்பு மருந்தை, உப்புநீரில் லிக்னோகெய்னும் பெரும்பாலும் அட்ரினலினும் கலந்து, சிரையைச் சுற்றி வழிநெடுகச் செலுத்துவார்கள். சென்டிமீட்டருக்குச் சுமார் 10 மில்லி என்ற கணக்கில் தொடைக்கு 350, 400 மில்லி போகும். பல இடத்தில் குத்துவார்கள், தொடை கனக்கும். இந்தத் திரவம் மூன்று வேலை செய்கிறது: மரக்க வைக்கிறது, சிரையை இறுக்கிக் கருவியோடு ஒட்ட வைக்கிறது, வெப்பம் தோலுக்கும் நரம்புக்கும் பரவாமல் தடுக்கிறது. அவசரப்பட்டுக் குறைவாகச் செலுத்தினால் தோல் சுடும், நரம்பு மரத்துப்போகும், சிரை அரைகுறையாக மூடும். வெப்ப முறையில் நேரும் தவறுகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. ஆகவே எந்த நிறுவனத்தின் கருவி என்பதைவிட, மரப்புத் திரவத்தைப் பொறுமையாகச் செலுத்தும் கை முக்கியம்.

ரேடியோ அலைக் கருவியில் பரவலானது 7 சென்டிமீட்டர் நீள சூடேற்றும் பகுதி கொண்டது. 120 டிகிரி செல்சியஸில் 20 விநாடி சுட்டு, அடுத்த 7 சென்டிமீட்டருக்கு இழுப்பார்கள். சந்திப்பை ஒட்டிய முதல் துண்டுக்கு இரண்டு சுற்று. 40 சென்டிமீட்டர் சிரைக்குச் சுடும் நேரம் சில நிமிடமே. வெப்பத்தைக் கருவியே அளந்து கட்டுப்படுத்துவதால் செய்பவரைப் பொறுத்த வேறுபாடு குறைவு.

லேசரில் வேறுபாடு அதிகம். 810, 940, 980 நானோமீட்டர் பழைய வகைகளில் நுனி திறந்த இழை ரத்தத்தைக் கொதிக்கவைத்துச் சுவரைத் துளைக்கும். வலியும் ரத்தக்கட்டும் கூடுதல். 1470 நானோமீட்டர் அலையை நீர் நன்றாக உறிஞ்சும். வட்டமாக ஒளியைப் பரப்பும் இழையோடு அதைப் பயன்படுத்தினால் வலி ரேடியோ அலையை ஒத்ததாகிவிடும். "லேசர்" என்று மட்டும் விலைப்பட்டியலில் இருந்தால் எந்த அலைநீளம், எந்த இழை என்று கேளுங்கள். பதில் உடனே வர வேண்டும். சென்டிமீட்டருக்கு 50 முதல் 80 ஜூல் வரை தருவது வழக்கம். குறைந்தால் சிரை மறுபடி திறக்கும், கூடினால் கன்றிப்போகும். இழை மெல்லியது என்பதால் குட்டையான துண்டுக்கும், ரேடியோ அலைக் கருவி நுழையாத இடத்துக்கும் லேசர் கைகொடுக்கும்.

டென்மார்க்கில் 500 நோயாளிகளை வைத்து நான்கு முறைகளை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. ஓராண்டில் மறுபடி திறந்து கசிந்த சிரைகள் ரேடியோ அலையில் 4.8%, லேசரில் 5.8%, உருவி எடுத்ததில் 4.8%, நுரையில் 16.3%. வேலைக்குத் திரும்ப ஆன சராசரி நாட்கள் ரேடியோ அலைக்கும் நுரைக்கும் 2.9, லேசருக்கு 3.6, உருவி எடுத்தவர்களுக்கு 4.3. லேசருக்கு வலி கூடுதலாக இருந்ததும் பதிவானது. அது பழைய வகை லேசர் என்பதை மறக்கக்கூடாது. இன்றைய நிலையில் நேரான தொடைத் தண்டுக்கு இரண்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் மருத்துவர் எதை வாரா வாரம் செய்கிறாரோ அதுவே நல்லது.

வெப்ப முறை தடுமாறும் இடங்கள் தெளிவானவை. முழங்காலுக்குக் கீழே பெரிய தண்டை ஒட்டி சஃபீனஸ் நரம்பும், கெண்டைக்காலின் பின்னே சிறிய தண்டை ஒட்டி சூரல் நரம்பும் ஓடுகின்றன. அங்கே சுட்டால் கணுக்கால், பாத ஓரம் மரத்துப்போகலாம். பெரும்பாலோருக்கு மாதங்களில் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். நீரிழிவால் ஏற்கெனவே பாதம் மரத்திருப்பவர்கள் சிகிச்சைக்கு முன்பே அதைக் குறிப்பில் எழுத வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எது புதிது என்று பிறகு யாருக்கும் தெரியாது. சிரை தோலுக்கு மிக அருகில் ஓடினால் சூட்டுக்காயமோ பழுப்புக் கோடோ விழும். நம் நிறத்தில் அந்தக் கோடு எடுப்பாகத் தெரிந்து பல மாதம் தங்கும்.

பசை

சயனோஅக்ரிலேட் என்ற மருத்துவப் பசையைச் சிரைக்குள் சொட்டுச் சொட்டாக வைத்து ஒட்டுவது. இவ்வகையில் பெயர்பெற்ற வீனாசீலுக்கு அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015-இல் அனுமதி தந்தது. குழாய் நுனியைச் சந்திப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே நிறுத்தி, 1 சென்டிமீட்டர் இடைவெளியில் 0.1 மில்லி வீதம் இரண்டு சொட்டு, 3 நிமிடம் அழுத்தம். பிறகு 3 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டு, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி அழுத்தம். சந்திப்பிலிருந்து இவ்வளவு தள்ளி நிற்பதற்குக் காரணம், பசை ஆழ்சிரைக்குள் வழிந்துவிடக்கூடாது என்பதே.

தொடை முழுக்கக் குத்தும் வேலை இல்லை. துளை போடும் இடத்தில் மட்டும் மரப்பூசி. வெப்பம் இல்லாததால் நரம்புக்குப் பயமில்லை, முழங்காலுக்குக் கீழேயும் துணிந்து போகலாம். பிறகு காலுறை பெரும்பாலும் தேவைப்படாது. சமையலறைச் சூட்டில் நிற்பவருக்கு இது சின்னச் சலுகையல்ல. மரப்பு மருந்தின் மொத்த அளவுக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் வெப்ப முறையில் இரு கால்களையும் ஒரே நாளில் செய்யச் சில மருத்துவர்கள் தயங்குவார்கள். பசையில் அந்தத் தடை இல்லை. அமெரிக்காவில் 222 பேரை வைத்து ரேடியோ அலையோடு ஒப்பிட்ட ஆய்வில் 3 மாதத்தில் மூடியிருந்தவை பசையில் 99%, ரேடியோ அலையில் 96%. வெற்றியில் இரண்டும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல.

ஆனால் பசை உடம்பிலேயே தங்கும் அந்நியப் பொருள். சிலருக்கு முதல் சில வாரத்தில் சிரை ஓடும் வழியே தோல் சிவந்து, தடித்து, அரிக்கும். பெரும்பாலும் ஒவ்வாமை மாத்திரையும் வலி மாத்திரையும் போதும், சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்படும். மிக அரிதாக ஒட்டிய சிரையையே அறுத்து எடுக்க நேர்ந்திருக்கிறது. சூட்டை நிறுத்தலாம், வைத்த பசையைத் திரும்ப எடுக்க முடியாது. ஒட்டு இமை, ஒட்டு நகம் வைக்கும் பசையோ சூப்பர் குளுவோ பட்டு அரிப்பு, வீக்கம் வந்த அனுபவம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் பசைப் பக்கம் போகக்கூடாது. ஒல்லியான காலில், தோலுக்கு மிக அருகில் ஓடும் சிரைக்கும் பசை அழகல்ல. கயிறு போலத் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். விலையிலும் பொதுவாக இதுவே மேலே நிற்கும், கருவிப் பெட்டி ஒரே தடவைக்கானது.

நுரை ஊசி

பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் என்ற மருந்தை ஒரு பங்கும் காற்றை நான்கு பங்குமாக, இரண்டு ஊசிக்குழல்களை மூவழித் திருகில் இணைத்து வேகமாக முன்னும் பின்னும் தள்ளினால் வெண்ணுரை வரும். அதை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி சிரைக்குள் செலுத்துவார்கள். நுரை ரத்தத்தை ஒதுக்கிச் சுவரைத் தொட்டு எரிச்சலூட்டி மூட வைக்கிறது. தயாரித்து வைத்திருந்தால் நுரை கலைந்துவிடும் என்பதால் தயாரித்த உடனே செலுத்த வேண்டும். ஒரு தடவைக்கு 10 மில்லியைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்.

செலவு குறைவு, அறுவை அரங்கு வேண்டாம், நெளிந்து வளைந்து கம்பி நுழையாத சிரைக்கும் நுரை போகும். முன்பு அறுவை செய்து மறுபடி முளைத்த முடிச்சுக்கும், புண்ணுக்கடியில் இருக்கும் வலைப்பின்னலுக்கும், வயது முதிர்ந்து வேறு எதையும் தாங்காதவருக்கும் இதுவே முதல் கை. விட்டம் பெரிய நேரான தண்டுக்கு நுரை போட்டு "ஒரே ஊசியில் முடியும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறுபடி திறக்கும் வாய்ப்பு மற்ற முறைகளைவிடத் தெளிவாகவே அதிகம். பிரிட்டனில் 798 பேரை லேசர், நுரை, அறுவை என்று பிரித்துத் தொடர்ந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2019-இல் வந்தது. நோயால் வரும் தொல்லையைப் பொறுத்தவரை லேசரும் அறுவையும் பெற்றவர்கள் நுரை பெற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள். நுரையைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு, மூன்று தடவை வரவேண்டியிருக்கும் என்று முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும். ஒரு ஊசியின் விலையை ஒரு லேசரின் விலையோடு ஒப்பிடுவது தப்புக் கணக்கு.

நுரை போட்ட பிறகு சிரைக்குள் ரத்தம் உறைந்து கட்டியாக, தொட்டால் வலியாக நிற்கும். சில வாரத்தில் திரும்பப் போனால் ஊசியால் குத்தி அந்தப் பழைய ரத்தத்தை வெளியேற்றுவார்கள், வலியும் கறையும் குறையும். இந்த இரண்டாம் வருகையைத் தவிர்ப்பவர்களுக்குத் தோலில் பழுப்புக் கறை படியும் வாய்ப்பு கூடும். சிலருக்கு ஊசி போட்ட சில நிமிடத்தில் கண் மங்கும், தலை வலிக்கும், நெஞ்சு இறுகும், பிறகு அடங்கும். இதய அறைகளுக்கிடையே சிறு துளை இருப்பதாகத் தெரிந்தவர்கள், ஒற்றைத் தலைவலியில் கண்முன் மின்னல் தெரிபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அரிதாகப் பக்கவாதமும் பதிவாகியிருக்கிறது.

சுழலும் கம்பி முறையில் மருந்தும் கம்பியும் சேர்ந்து வேலை செய்யும். மரப்புத் திரவம் வேண்டாம், வலி குறைவு. ஆனால் மறுதிறப்பு வெப்ப முறையைவிட அதிகம், மேலே சொன்னவை கிடைக்கும் ஊரில் இதைத் தேடிப் போகக் காரணம் குறைவு. உருவி எடுக்கும் பழைய அறுவை இன்னும் செத்துவிடவில்லை. மிகப் பெரிய, தோலோடு ஒட்டிய, முறுக்கிய தண்டுக்கு அது நியாயமான தேர்வு. முழு மயக்கமோ முதுகு மரப்போ தேவைப்படும், கன்றல் அதிகம், அவ்வளவுதான்.

கிளைகளை யார் பார்ப்பார்?

விலைப்பட்டியலில் பலரும் கவனிக்காத இடம் இது. தண்டை மூடினால் புடைத்த கிளைகள் பலருக்குத் தாமாகவே சுருங்கும், எல்லோருக்கும் அல்ல. மீதியை 2, 3 மில்லிமீட்டர் கீறலில் கொக்கி விட்டு எடுக்கலாம், தையல் வேண்டாம், ஒட்டு நாடா போதும். அல்லது நுரை போடலாம். அதே நாளில் செய்வதா, இரண்டு மூன்று மாதம் பார்த்துச் செய்வதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. கிளை தடித்து, பார்வைக்கே தொல்லையாக இருந்தால் ஒரே நாளில் முடிப்பது நோயாளிக்கு லாபம். காத்திருப்பதானால் இரண்டாம் கட்டத்துக்குத் தனிக் கட்டணமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புண் இருப்பவர்களுக்கு

உள்கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் இருந்தால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு மாதங்களைக் கடத்த வேண்டாம். தோல் மேலும் வெந்து புண் அகலும். பிரிட்டனில் 450 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், அழுத்தக் கட்டோடு சிரையையும் உடனே மூடியவர்களின் புண் ஆற எடுத்த காலத்தின் நடுமதிப்பு (பாதிப் பேருக்கு அதற்குள் ஆறிவிடும்) 56 நாள், கட்டை மட்டும் கட்டிச் சிரையைப் பிறகு பார்த்தவர்களுக்கு 82 நாள். புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்ற பழைய பேச்சு இதோடு முடிந்தது. இந்த நிலையில் எந்தக் கருவி என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். கணுக்காலருகே வெப்பம் உதவாத இடத்தில் நுரை சேர்ந்துகொள்ளும். புண்ணின் ஓரம் தடித்து மேலெழுந்தாலோ, மூன்று மாதமாகியும் அசையாவிட்டாலோ சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்

அரசு வழி கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) தொடங்குகிறது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கினால் கோலாலம்பூர் மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை போன்றவற்றின் நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் பார்க்கலாம். காத்திருக்கும் காலம் நீளம், அறிகுறி மட்டும் உள்ளவர்கள் வரிசையில் பின்னே நிற்பார்கள். கடிதத்தில் புண், ரத்தக் கசிவு, தோல் கறுத்தது ஆகியவற்றைக் குறிப்பிட வையுங்கள், முன்னுரிமை மாறும். சுடும் குழாய், பசைப் பெட்டி போன்ற ஒருதடவைப் பொருளுக்கு நோயாளி பணம் கட்ட வேண்டுமா என்று முதல் நாளே கேளுங்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும், செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் பல்கலைக்கழக வழிகள்.

தனியார் மருத்துவமனையில் மருத்துவரின் கட்டணத்துக்கு 2006-ஆம் ஆண்டு விதிமுறைகளின் 13-ஆம் அட்டவணை உச்சவரம்பு வைத்திருக்கிறது. மருத்துவமனை போடும் அரங்கு வாடகைக்கும், பொருட்களின் விலைக்கும் அந்த வரம்பு இல்லை. பில் வீங்குவது அங்கேதான். ஆகவே மொத்தத் தொகையாக வாங்காமல் பிரித்துக் கேளுங்கள்: குழாய் அல்லது பசைப் பெட்டி, அரங்கு, மருத்துவர், மயக்க மருத்துவர், ஒரு காலா இரண்டா, கிளைகள் சேர்ந்தா, பிந்தைய ஸ்கேன் சேர்ந்தா. சாதாரண மரப்பூசியில் முடிவதற்கு முழு மயக்கம் போட்டுக் கணக்கு எழுதியிருந்தால் காரணம் கேட்பதில் தவறில்லை.

மெடிக்கல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சிக்கல். அழகுக்கான சிகிச்சை என்று நிறுவனம் ஒதுக்கிவிடலாம். அறிகுறி, கட்டம், கசிவு விநாடி மூன்றும் உள்ள ஸ்கேன் அறிக்கைதான் இதற்கு மறுமொழி. அடுத்து, வெளிநோயாளியாகச் செய்தால் தரமாட்டோம் என்று பழைய திட்டங்களில் இருக்கும். ஒப்புதல் கடிதம் கைக்கு வருமுன் நாள் குறிக்காதீர்கள். செய்பவரின் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

நாள் குறிப்பதும் பின்கவனிப்பும்

கர்ப்பகாலத்தில் சிரையை மூடுவதில்லை. அப்போது வரும் முடிச்சில் நிறைய, பிரசவத்துக்குப் பிறகு சில மாதத்தில் தானே வடியும்.

எந்த முறையானாலும் அரங்கிலிருந்து இறங்கியதும் நடக்க வேண்டும், படுத்துக் கிடக்கக்கூடாது. வீட்டில் பெரியவர்கள் "ஆபரேஷன் ஆன கால், அசைக்காதே" என்பார்கள். அசையாத காலில்தான் ரத்தம் உறையும். ஒரு வாரத்துக்கு எண்ணெய் தேய்த்து உருவுவதும் கூடாது. வெப்ப முறைக்குப் பிறகு இரண்டாம் வாரத்தில் தொடையின் உட்புறம் இழுத்துப் பிடிப்பது இயல்பு, சிரை சுருங்குவதன் அடையாளம். சந்திப்பிலிருந்து ரத்தக்கட்டி ஆழ்சிரைக்குள் நீளவில்லையா என்று முதல் வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுப்பது பலருடைய வழக்கம். கெண்டைக்கால் திடீரென ஒருபக்கம் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மருத்துவரை அடுத்துப் பார்க்கும் நாள்வரை காத்திருக்கக்கூடாது.

4 மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்தை 4 வாரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். சென்னைப் பயணமும் அந்த எல்லையை ஒட்டியதே, டிக்கெட் எடுக்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள், பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ வெறுங்காலில் நடப்பவர்கள், கொக்கியால் கிளை எடுத்த கீறல்கள் முழுதாக ஆறும்படி குறைந்தது ஆறு வாரம் முன்னதாக முடித்துக்கொள்வது நல்லது. அது முடியாவிட்டால் தைப்பூசம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

சிகிச்சைக்குக் காத்திருக்கும்போது கணுக்காலருகே மெலிந்த தோலில் முடிச்சு வெடித்தால் ரத்தம் பீறிடும். குளிக்கும்போது நடப்பதே அதிகம். நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டோ துணியைச் சுற்றினால் நிற்காது. உடனே தரையில் படுத்து, காலை இதயத்தைவிட உயரத் தூக்கி, வெடித்த இடத்தில் விரலால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். தொடையில் கயிறு கட்டாதீர்கள், அது கசிவைக் கூட்டும். நின்ற பிறகு கட்டுப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஒருமுறை வெடித்த முடிச்சு மறுபடி வெடிக்கும், அதற்குப் பிறகு வரிசையில் பின்னே நிற்க வேண்டிய நோயாளி அல்ல நீங்கள்.